விஞ்சில் ஏற்றிய பாய்: அடிக்கப்பி பிடுங்கி வந்த ஒரு தோணி விபத்து

பின்னணி

1990களின் தொடக்கத்தில் நடந்தது இது. தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் காய்கறியும் சிமெண்ட்டும் ஏற்றிப்போகும் மரத்தோணி. எஞ்சின் வைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் பாய்மரத்தையும் பெரிய பாயையும் கழற்றவில்லை. வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் தூத்துக்குடியிலிருந்து மாலேவுக்குப் போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும். சுமார் 400 கடல் மைல் ஓட்டம். பாயை விரித்தால் டீசல் மிச்சம், தோணியின் ஆட்டமும் குறையும். அதனால்தான் பாய் தங்கியது.

நான் அப்போது தோணிகளுக்குக் கயிறு, கப்பி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தோணிக்கும் நான்தான் கயிறு மாற்றிக் கொடுத்தேன். விபத்து நடந்தபோது தோணியில் நான் இல்லை. அதிலிருந்தவர்கள் சொன்னதையும், திரும்பி வந்த பிறகு நானே தட்டில் (தோணியின் மேல்தளத்தில்) இறங்கிப் பார்த்ததையும் வைத்து எழுதுகிறேன். தோணியின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம்.

பழைய முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். பாயைத் தாங்கும் நீண்ட குறுக்கு மரமான பருமலும், ஈரமான பாயும், கயிறும் சேர்ந்து இந்தத் தோணியில் ஏறக்குறைய 500 கிலோ. அதைத் தூக்கும் கயிறு ஆஞ்சான். பாய்மர உச்சியில் இரட்டை உருளைக் கப்பி ஒன்று, பருமல் பக்கம் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே நாலு வடமாகக் கயிறு ஓடும். மரக்கப்பியில் ஒவ்வொரு உருளைக்கும் பாரத்தில் பத்தில் ஒரு பங்கை உராய்வுக்காகக் கூட்டிக்கொள்வது கடல் வேலையில் வழக்கமான கணக்கு. நாலு உருளைக்கு 200 கிலோ சேர்ந்து 700 ஆகும். நாலால் வகுத்தால் கைக்கு வரும் இழுவை 175 கிலோ. ஏழு பேர் நின்றால் ஆளுக்கு 25 கிலோ. அம்பா பாட்டு பாடி, பாட்டின் ஒரு அடிக்கு ஒரு இழுப்பாக ஏற்றிவிடலாம். கயிறு உச்சியிலிருந்து நேராக ஆட்களின் கைக்கு வந்தது. இழுத்து முடித்ததும் மரத்தடிக் கட்டையில் சுற்றிக் கட்டுவார்கள். தட்டில் கப்பி எதுவும் இல்லை.

மாறியது என்ன

எஞ்சின் வந்தபோது சரக்கு ஏற்ற ஒரு விஞ்சும், அதாவது கயிற்றைச் சுற்றி இழுக்கும் இயந்திரமும், வந்தது. இரண்டு டன் இழுக்கும். எஞ்சின் வந்ததால் ஆட்களும் குறைந்தார்கள். முன்பு பன்னிரண்டு பேர் போன தோணியில் இப்போது எட்டுப் பேர். அதில் ஒருவர் சுக்கானில், ஒருவர் எஞ்சினில், ஒருவர் சமையலில். ஆஞ்சான் இழுக்க ஏழு பேர் எங்கே இருக்கிறார்கள்? விஞ்சில் இழுக்கலாமே என்று தோணியின் தலைவரான தண்டல் யோசித்தது இயல்பு. நானும் சரி என்றேன்.

விஞ்சுக்குக் கயிறு போகவேண்டுமானால் அது மரத்தடியில் திரும்ப வேண்டும். அதற்காகப் பாய்மரத்துக்குப் பின்பக்கம் தட்டில் ஒரு வளைய போல்ட்டை இறக்கி, பக்கவாட்டில் திறந்து மூடும் இரும்புக் கப்பி ஒன்றை மாட்டினார்கள். துறைமுகத்தில் இதை ‘ஸ்னாட்ச் பிளாக்’ என்பார்கள். இங்கே அடிக்கப்பி என்று சொல்லிக்கொள்கிறேன். உச்சியிலிருந்து 12 மீட்டர் நேரே இறங்கிய கயிறு, அடிக்கப்பியில் திரும்பி, தட்டையொட்டி 5 மீட்டர் பின்னால் போய் விஞ்சில் சுற்றியது.

இரண்டாவது மாற்றம் நாலு வடத்தை எடுத்துவிட்டது. விஞ்சு இரண்டு டன் இழுக்கும், பருமல் அரை டன்தான், எதற்கு இவ்வளவு கயிறு என்று உச்சியில் ஒற்றைக் கப்பி மட்டும் விட்டார்கள். நாலு வடத்தில் பருமல் ஒரு மீட்டர் ஏற நாலு மீட்டர் கயிறு சுருட்ட வேண்டும். ஒற்றை வடத்தில் ஒரு மீட்டர் போதும். வேலை சீக்கிரம் முடிந்தது.

மூன்றாவது மாற்றம் என்னுடையது. மணிலா என்ற நார்க்கயிற்றுக்குப் பதிலாக 24 மில்லிமீட்டர் நைலான் கொடுத்தேன். மழைக்கும் வெயிலுக்கும் மணிலா உளுத்துப்போகிறது என்று அவர்கள் அலுத்துக்கொண்டிருந்தார்கள். “எத்தனை டன் தாங்கும்?” என்று தண்டல் கேட்டார். அறுபடும் எடை 12 டன் பக்கம் என்று சொன்னேன். அது கயிற்றைப் பற்றிய பதில். கயிறு எந்தக் கப்பி வழியாகப் போகிறது, அந்தக் கப்பி எதில் மாட்டியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான்தான்.

இந்த ஏற்பாட்டோடு அந்தத் தோணி நாலைந்து முறை மாலேவுக்குப் போய்வந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

அன்று காலை

தை மாதம். முன்தின மாலை தூத்துக்குடியிலிருந்து கிளம்பி, இரவு முழுக்க எஞ்சினில் ஓடி, விடியும்போது குமரிமுனையைத் தாண்டியிருந்தார்கள். முனைக்கு வெளியே காற்று நன்றாக இருந்தது, அலையும் இருந்தது. தோணி பக்கவாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. பாயை விரிக்கச் சொன்னார் தண்டல்.

விஞ்சில் ஒருவர். அவர் பக்கத்தில், விஞ்சுத் தலையில் மூன்று சுற்றுப் போட்ட கயிற்றின் வாலைப் பிடித்துச் சுருட்ட ஒருவர். தோணியின் முன்பக்கமான அணியத்தில் பாயின் கீழ்முனைக் கயிறுகளைப் பார்த்துக்கொள்ள இருவர். இருபது வயதுகூட ஆகாத ஒரு பையன், பாய் பிரிகிறபோது சிக்கினால் விடுவிக்கலாம் என்று பாய்மரத்துக்கும் விஞ்சுக்கும் நடுவில் நின்றான். அங்கே நிற்கச் சொன்னது யாருமில்லை. அங்கே நிற்காதே என்று சொன்னதும் யாருமில்லை.

பருமல் முக்கால்வாசி உயரம் ஏறியது. அப்புறம் நின்றது. பருமலைப் பாய்மரத்தோடு அணைத்துப் பிடிக்கும் வளையக் கயிறு, மரத்தில் சுற்றியிருந்த ஒரு பழைய கயிற்றுக் கட்டின் அடியில் போய் மாட்டிக்கொண்டிருக்கிறது. அணியத்தில் இருந்த ஒருவர் அதைப் பார்த்துக் கத்தினார். எஞ்சின் சத்தத்தில் விஞ்சுக்காரருக்குக் கேட்கவில்லை.

விஞ்சுக்காரர் பிறகு என்னிடம் சொன்ன ஒரு வார்த்தை முக்கியமானது: “கயிறு வந்துகிட்டேதான் இருந்துச்சு அண்ணாச்சி. பருமல் ஏறுதுன்னுதான் நெனச்சேன்.” அவர் சொன்னது உண்மை. கயிறு வந்துகொண்டுதான் இருந்தது. நைலான் நீளும். பருமல் நின்ற பிறகும் ஒன்றரை மீட்டர் போல விஞ்சில் சுருண்டிருக்கும் என்பது என் கணிப்பு. அவர் கண்ணுக்கு எல்லாம் சரியாக நடப்பதுபோலவே தெரிந்தது. அந்த ஒன்றரை மீட்டரும் இழுத்துப் பிடித்த ரப்பர்போலக் கயிற்றுக்குள் இருந்தது.

வளைய போல்ட் தட்டோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. இரும்புக் கப்பியும் போல்ட்டும் சேர்ந்து பின்னோக்கி மேலே பறந்து பையனின் வலது தொடையில் அடித்தன. அதே நொடியில் பருமல் விடுபட்டு இரண்டரை மீட்டர் போலக் கீழே விழுந்து, கயிறு பிடித்ததும் தொங்கி ஆடியது. விஞ்சில் மூன்று சுற்று இருந்ததால் கயிறு முழுக்க ஓடிப்போகவில்லை. ஓடியிருந்தால் அணியத்தில் நின்ற இருவர் தலையிலும் பருமல் விழுந்திருக்கும்.

குளச்சலுக்குத் திருப்பியது

தண்டல் முதலில் செய்தது சரியானது. பையனிடம் ஓடுவதற்கு முன் பருமலை இறக்கிக் கட்டச் சொன்னார். தலைக்கு மேல் அரை டன் ஆடிக்கொண்டிருக்கும்போது கீழே நாலு பேர் குனிந்து நின்றால் அடுத்த அடி அவர்களுக்கு. இரண்டு நிமிடத்தில் விஞ்சைத் தளர்த்தி இறக்கினார்கள்.

தொடை எலும்பு முறிந்திருந்தது. தோல் கிழியவில்லை. அடித்த இடத்தில் வீக்கம் ஏறிக்கொண்டே போனது. கிடங்கு மூடும் பலகை ஒன்றை எடுத்து, சாக்கையும் வேட்டியையும் மடித்துப் போட்டு, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை கட்டி, இரண்டு காலையும் சேர்த்துக் கட்டினார்கள். காலை நிமிர்த்திப் பார்க்கவோ எண்ணெய் தேய்க்கவோ விடவில்லை. சமையல்காரர் முன்பு ஒரு கப்பலில் வேலை பார்த்தவர், அவருக்கு இது தெரிந்திருந்தது.

அடுத்து எங்கே போவது என்ற கேள்வி. மாலேவுக்கு இன்னும் 330 மைல், இரண்டு நாளுக்கு மேல். தூத்துக்குடிக்குத் திரும்பினால் காற்றை எதிர்த்து இரவு வரை ஓட வேண்டும். குளச்சல் வடக்கே மூன்று மணி நேரத்தில் கிடைக்கும். அங்கே தோணி கரையோரம் போய் அணைய வசதி இல்லை, அலையும் இருந்தது. ஆனால் மீன்பிடி வள்ளங்கள் நிறைய உண்டு. தோணியில் ரேடியோ இல்லை, யாரிடமும் கேட்க முடியாது. சரக்குக்காரர் என்ன சொல்வார் என்று ஒருவர் இழுத்தாராம். தண்டல் பதில் சொல்லாமல் சுக்கானைத் திருப்பினார்.

குளச்சலுக்கு வெளியே நங்கூரம் போட்டதும் வள்ளக்காரர்கள் வந்தார்கள். பலகையோடு தூக்கி வள்ளத்தில் வைத்து, கரையிலிருந்து வேனில் நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனார்கள். அடிபட்டு ஐந்து மணி நேரத்துக்குள் பையன் ஆஸ்பத்திரியில் இருந்தான்.

தட்டைப் பிரித்துப் பார்த்தபோது

தோணி மாலே போய்த் திரும்பி வந்த பிறகுதான் எனக்குப் பார்க்கக் கிடைத்தது. தட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அதற்குக் கீழே இறங்கிப் பார்த்தேன். போல்ட், தட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் மேல் இல்லை. சட்டத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, வெறும் தட்டுப் பலகையில் மட்டும் இறங்கியிருந்தது. அடியில் ஒரு சின்ன வாஷரும் நட்டும். வாஷரைச் சுற்றிப் பலகை கறுத்து, நகத்தால் கீறினால் நார் நாராக வந்தது. துளை வழியாக மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது.

கப்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. உருளை ஓடியது, அச்சு நேராக இருந்தது. கயிற்றில் ஒரு புரிகூட அறவில்லை. எல்லோரும் பார்த்துப் பார்த்து வாங்கிய இரண்டும் நன்றாக இருந்தன. யாரும் பார்க்காத வாஷர்தான் போனது.

அடிக்கப்பியின் மேல் வந்த பாரம்

இதைத்தான் நான் இப்போதும் சின்னப் பையன்களிடம் நின்று நிதானமாகச் சொல்கிறேன். கயிற்றில் 100 கிலோ இழுவை இருந்தால் கப்பியிலும் 100 கிலோதான் என்று நம் மனம் எடுத்துக்கொள்கிறது. அது தப்பு. கப்பியை இரண்டு பக்கக் கயிறும் இழுக்கின்றன. இரண்டும் சேர்ந்து எவ்வளவு என்பது கயிறு எவ்வளவு திரும்புகிறது என்பதைப் பொறுத்தது. கயிறு 60 டிகிரி திரும்பினால் கப்பியின் பாரம் கயிற்றின் இழுவைக்குச் சமம். 90 டிகிரி திரும்பினால் 1.4 மடங்கு. 120க்கு 1.7. வந்த வழியே திரும்பிப் போனால் சரியாக இரண்டு மடங்கு.

சரி, இந்தத் தோணிக்கு வருவோம். ஒற்றை வடத்தில் 500 கிலோ, உச்சிக் கப்பியின் உராய்வு சேர்த்து 550. அடிக்கப்பியில் 90 டிகிரி திருப்பம், ஆக 770 கிலோ. ஒழுங்காக ஏறுகிற நாளிலேயே அந்த உளுத்த பலகையின் மேல் முக்கால் டன்னுக்கு மேல் இருந்திருக்கிறது. கையால் இழுத்த காலத்தில் ஆஞ்சானின் மொத்த இழுவையே 175 கிலோ, அதுவும் தட்டில் எதையும் தொடாமல். பருமல் மாட்டிக்கொண்டதும் விஞ்சு தன் முழு பலத்துக்குப் போயிருந்தால் கயிற்றில் 2 டன், கப்பியில் 2.8 டன். எந்த அளவில் போல்ட் விட்டது என்று சொல்ல முடியாது, ஆனால் இந்த எண்களுக்கு நடுவில்தான்.

பருமல் விழுந்த தூரத்துக்கும் கணக்கு உண்டு. அடிக்கப்பி இருக்கும்வரை கயிற்றின் பாதை 12ம் 5ம் சேர்ந்து 17 மீட்டர். அது பிடுங்கிக்கொண்டதும் உச்சியிலிருந்து விஞ்சுக்குக் கயிறு நேர்கோட்டில் போகிறது, அது 13 மீட்டர். மீதி 4 மீட்டரும் தொய்வு. நீண்டிருந்த நைலான் சுருங்கி அதில் ஒன்றரையை எடுத்துக்கொண்டது, மீதி இரண்டரை பருமல் விழுந்தது.

பையன் நின்ற இடமும் தற்செயல் இல்லை. கயிறு திரும்பும் கோணத்தின் உள்பக்கம் எதுவோ, கப்பி பிடுங்கினால் அந்தப் பக்கம்தான் பறக்கும். இரண்டு கயிறும் சேர்ந்து இழுக்கும் திசை அது. பாய்மரத்துக்கும் விஞ்சுக்கும் நடுவில், மேலே போகும் கயிற்றுக்கும் பின்னே போகும் கயிற்றுக்கும் இடையில் அவன் நின்றான்.

கை இழுத்தபோது இருந்தது, விஞ்சில் இல்லாதது

தோணியில் வயதானவர் ஒருவர் இருந்தார். பருமல் மாட்டுவது புதிது இல்லை என்றார். “முன்னாடியும் மாட்டும் தம்பி. அம்பா நின்னுரும். முன்னாடி நிக்கிறவன் ‘ஆ... பொறு’ம்பான். கொஞ்சம் விட்டு, ஆட்டிப்பாத்து, திரும்ப இழுப்போம்.” ஏழு பேர் கையில் ஆளுக்கு 25 கிலோவாக இருந்தது 35 ஆனாலே தெரிந்துவிடும். பாட்டின் தாளம் தட்டும். விஞ்சுக்கு 500 கிலோவும் 1,500 கிலோவும் ஒரே சத்தம்தான்.

பழைய முறைக்கே போக வேண்டும் என்று இதை வைத்துச் சிலர் வாதாடினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எட்டுப் பேரில் ஏழு பேரை ஆஞ்சானில் நிறுத்த முடியாது. விஞ்சால் தப்பு நடக்கவில்லை. கையை எடுத்துவிட்டு விஞ்சை வைத்தபோது, கை செய்துகொண்டிருந்த இன்னொரு வேலையான பாரம் பார்ப்பதை யாரிடமும் கொடுக்கவில்லை.

எடுத்த முடிவுகள்

சொல்லிப் புரியவைக்க முடியவில்லை என்பதால் மீன் ஏலக் களத்திலிருந்து ஒரு ஸ்பிரிங் தராசை வாங்கி வந்தேன். தராசைத் தட்டு வளையத்தில் மாட்டி, அதில் ஒரு சின்னக் கப்பியை மாட்டி, கயிற்றைச் செங்கோணத்தில் திருப்பி, மறுமுனையில் 20 கிலோ கல்லை மேலே ஒரு கப்பி வழியாகத் தொங்கவிட்டோம். தராசு 28க்குப் பக்கத்தில் நின்றது. கயிற்றைப் பிடித்திருந்தவரை மேலே ஏறும் கயிற்றையொட்டி நிற்கச் சொன்னேன். முள் 40க்குப் போனது. தண்டல் இரண்டு தடவை கல்லை எடைபோட்டுப் பார்த்தார். அதற்கப்புறம் விவாதம் இல்லை.

முதல் வேலை, நாலு வடத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. கயிறு 60 மீட்டருக்கு மேல் ஆகும், ஏற்றவும் நேரம் பிடிக்கும். ஆனால் விஞ்சுக்கு வரும் இழுவை 175 கிலோ, அடிக்கப்பியில் சுமார் 250. எங்காவது மாட்டினாலும் யோசிக்க நேரம் கிடைக்கும். ஒன்றைச் சொல்ல வேண்டும்: நாலு வடம் போட்டதால் விஞ்சின் பலம் குறையவில்லை. மாட்டிக்கொண்ட பருமலை அது முன்பைவிட, உராய்வு போக, மூன்று மடங்கு பலத்தோடு இழுக்கக்கூடும். அதனால் விஞ்சுத் தலையில் மூன்று சுற்றை இரண்டாக்கினோம். இழுவை கூடினால் வால் பிடிப்பவர் கையைத் தளர்த்த, கயிறு வழுக்கும். விஞ்சு சும்மா சுற்றும். முன்பு ஏழு பேர் கையில் இருந்த உணர்வு இப்போது ஒருவர் கையில். பருமல் ஏறியதும் இரண்டு சுற்றை நம்பாமல் உடனே மரத்தடிக் கட்டையில் கட்டிவிட வேண்டும்.

நைலானை ஆஞ்சானிலிருந்து எடுத்து நங்கூரத்துக்குக் கொடுத்துவிட்டேன். அலையில் நங்கூரம் வெட்டி இழுக்கும்போது நீளுகிற குணம் அங்கே நல்லது. பாய் தூக்கும் கயிறு நீளக்கூடாது. மறுபடி மணிலாவே போட்டோம். வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், மாற்றட்டும். கப்பி உருளையின் விட்டம் கயிற்றின் தடிமனைப்போல எட்டு மடங்காவது இருக்கிறதா என்றும் பார்த்தோம். உச்சிக் கப்பி சிறிதாக இருந்ததால் மாற்றினோம்.

அடிக்கப்பியை இடம் மாற்றி, குறுக்குச் சட்டத்தின் வழியாகவே போல்ட்டை இறக்கி, அடியில் உள்ளங்கை அகல இரும்புத் தகடு வைத்து முடுக்கினோம். அதோடு கப்பியைப் பாய்மர அடியோடு சேர்த்து ஒரு சங்கிலித் துண்டால் தொய்வாகக் கட்டினோம். போல்ட் விட்டாலும் கப்பி ஒரு முழத்துக்கு மேல் பறக்காது.

பருமலைப் பார்ப்பதற்கென்றே அணியத்தில் ஒருவர். அவருக்கு வேறு வேலை கிடையாது. கையை உயர்த்தினால் ஏற்று, குறுக்கே நீட்டினால் நிறுத்து. வாயால் கத்துவது கணக்கில் இல்லை. பாய்மரத்துக்கும் விஞ்சுக்கும் நடுவே தட்டில் மஞ்சள் பெயிண்ட் அடித்தோம். விஞ்சு ஓடும்போது அதற்குள் கால் வைக்கக்கூடாது.

பின்னர்

பையனுக்கு ஆபரேஷன் செய்து எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். நடக்க ஆறு மாதம் ஆனது. வலது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. கடலுக்குத் திரும்பவில்லை. வைத்தியச் செலவை முதலாளி ஏற்றார். அவன் இழந்த வருடங்களுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. அது எனக்கு இன்றும் உறுத்தல்.

புதிய ஏற்பாட்டில் பாய் ஏற்ற ஏறக்குறைய மூன்று மடங்கு நேரம் பிடித்தது. தண்டல் முதல் இரண்டு ஓட்டம் முணுமுணுத்தார். மூன்றாவது ஓட்டத்தில் வளையக் கயிறு மறுபடி மாட்டியிருக்கிறது. அணியத்தில் நின்றவர் கையைக் குறுக்கே நீட்ட, வால் பிடித்தவர் தளர்த்த, கொஞ்சம் இறக்கி ஆட்டி விடுவித்து மறுபடி ஏற்றினார்கள். அதை என்னிடம் வந்து சொன்னது தண்டல்தான்.

இன்று செய்வதானால்

மணிலாவுக்குப் பதில் பாலியெஸ்டர் போடுவேன். நீளுவது குறைவு, உளுக்காது. அன்று அது எங்கள் கைக்கு எட்டும் விலையில் இல்லை. மாட்டிக்கொள்ளக் காரணமான, மரத்தில் சுற்றியிருந்த பழைய கயிற்றை முதலிலேயே பிரித்து மரத்தை வழவழப்பாக்கியிருப்பேன். நாங்கள் அதை மூன்றாவது ஓட்டத்துக்குப் பிறகுதான் செய்தோம். விளைவுக்கு இத்தனை மாற்றம் செய்துவிட்டு, தொடக்கக் காரணத்தைக் கடைசியில் கவனித்தது எங்கள் குறை.

கயிறு வாங்க வருகிறவரிடம் இப்போது நான் கேட்கும் முதல் கேள்வி, அது எங்கே திரும்புகிறது என்பது. அந்தத் தோணியின் தட்டில் இன்னும் நாலு வளையங்கள் இருந்தன. அடியில் இறங்கிப் பார்த்ததில் இரண்டு சட்டத்தில் இருந்தன, இரண்டு வெறும் பலகையில். அந்த இரண்டையும் அன்றே வெட்டி எடுத்து, துளையில் மரமுளை அடித்துக் கீல் பூசி மூடிவிட்டோம்.